முதுகுப் பக்கம் விழும் வெயில்

பஹாமாஸ் நாட்டின் ஆண்ட்ரோஸ் தீவுக்கு முதல்முறை மீன்பிடிக்கச் சென்றபோது, மூன்றாம் நாள் காலையில் முழங்காலை மடக்கிப் படகில் ஏற என்னால் முடியவில்லை. முகத்திலும் கைகளிலும் வெயில் களிம்பைத் தாராளமாக அப்பிக்கொண்டு, அரைக்கால் சட்டையோடு இரண்டு நாட்கள் கடலுக்குள் நடந்திருந்தேன். முழங்கால்களின் பின்மடிப்பு இரண்டும் சிவந்து கொப்புளித்திருந்தன. வழிகாட்டி அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "புதிதாக வருகிறவர்களுக்கு அங்கேதான் முதலில் வேகும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குக் காரணம் இந்த மீன்பிடிப்பின் முறையிலேயே இருக்கிறது. கணுக்கால் முதல் முழங்கால் வரையே ஆழமுள்ள பரந்த மணல் திட்டுகளில் மெல்ல நடந்து, போன்ஃபிஷ் என்னும் மீனைக் கண்ணால் கண்டுபிடித்த பிறகே, இறகும் நூலும் கட்டிய ஃப்ளை தூண்டிலை அதன் முன்னே வீச வேண்டும். (அந்நாட்டின் 10 சென்ட் நாணயத்தில் இந்த மீனின் உருவத்தையே பொறித்திருக்கிறார்கள்.) அதன் வெள்ளிச் செதில்கள் கண்ணாடிபோல் அடிமணலையே பிரதிபலிப்பதால், பல நேரங்களில் மீன் தெரிவதில்லை, மணலில் ஓடும் அதன் நிழல்தான் தெரியும். நீர்ப்பரப்பின் பளபளப்பு கண்ணைக் கூசாமல் அந்த நிழல் தெரிய வேண்டுமானால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதால், நடக்கும் பாதையை வழிகாட்டி அப்படியே அமைத்துக்கொள்கிறார். ஆகவே நாள் முழுவதும் வெயிலை வாங்குபவை பிடரியும் காதுகளின் பின்புறமும் கெண்டைக்காலும்தான். நாம் கவலைப்பட்டுக் களிம்பு பூசிய முகம் தொப்பி நிழலில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது நான் முழுக்கால் சட்டையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அந்தத் திட்டுகளில் இறங்குவதில்லை. வெயிலுக்குப் பருத்தியே உகந்தது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் அளவான யூபிஎஃப் 50 என்று குறித்த துணி, தன்மேல் விழும் கதிர்களில் 50இல் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுகிறது. சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு இந்த மதிப்பு ஏறத்தாழ 5 முதல் 7 வரைதான், நனைந்துவிட்டால் அதுவும் இறங்கிவிடும். நனைந்த பருத்தி உலரவும் நேரமாகும். உலர்ந்தபின் அதில் தங்கும் உப்பு அக்குளையும் தொடையையும் அராவி எடுத்துவிடும். மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் துணியில், உடலோடு ஒட்டாமல் காற்றோடும்படி தைத்தவையே எனக்கு ஒத்துவருகின்றன. நிறத்தைப் பற்றிப் பலர் நீண்ட விவாதம் செய்வார்கள். வெளிர் நீலமோ மணல் நிறமோ போதும், நிறத்தைவிட நம் கை அசைவே மீனை அதிகம் விரட்டுகிறது என்பது என் கருத்து.

நிறத்தைவிட முக்கியமானது பொத்தான். மீன் கொக்கியில் மாட்டியதும், நம் காலடியில் சுருண்டு கிடக்கும் மிச்சத் தூண்டில் கயிறெல்லாம் ஒரு நொடியில் துள்ளி எழுந்து தடியின் வளையங்கள் வழியே பாயும். அந்தப் பயணத்தின் கடைசி நாளில், அப்படிப் பாய்ந்த கயிற்றின் ஒரு சுருள் என் முழுக்கையை மடித்து நிறுத்தியிருந்த பட்டையின் பொத்தானில் விழுந்து இறுகியது. தூண்டில் நரம்பு அறுந்த சத்தம் கேட்டபோது மீன் எந்தப் பக்கம் போனது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கைக்கடிகாரம், ஷூ நாடா, சட்டைப் பையின் மூடி ஆகிய எல்லாமே இந்த வேலையைச் செய்யக்கூடியவை. படகின் முன்தட்டில் நிற்கும்போது பலர் வெறுங்காலோடு நிற்பது, காலுக்கடியில் கயிறு சிக்கினால் உடனே உணர்வதற்காகத்தான். அப்போது புறங்கால் வெந்துபோகும் என்பதால் நான் மெல்லிய காலுறையோடு நிற்கிறேன்.

கண்ணாடியில் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது. நீர்ப்பரப்பில் தெறித்து வரும் கூச்சத்தை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி இல்லாதவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆழமற்ற நீருக்குச் செம்பு அல்லது தேன் நிற வில்லை ஏற்றது. சாம்பல் நிறம் ஆழ்கடலுக்குச் சரி. தொப்பியின் விளிம்பு அடிப்புறத்தில் கருமையாக இருந்தால், கீழிருந்து வரும் ஒளி மீண்டும் கண்ணில் விழாது.

தரை ஓரிடத்தில் கெட்டி மணல், நான்கு எட்டு தள்ளி முழங்கால் புதையும் சுண்ணாம்புச் சேறு, அதற்கப்பால் கத்திபோன்ற சுண்ணாம்புப் பாறை என்று மாறிக்கொண்டே இருக்கும். செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். கணுக்காலை மூடும், அடி கெட்டியான காலணியே வேண்டும். அதைப் போட்டுக்கொண்டும் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடக்க வேண்டும், மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப்போகும்.

விரல்நுனி திறந்த கையுறை புறங்கையைக் காக்கும். ஆனால் மீனை விடுவிக்கும்போது அதைக் கழற்றி, கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும்; அதன் மேலுள்ள வழவழப்பைத் துணி துடைத்தெடுத்துவிடும். அலையாத்திக் காடுகளின் ஓரத்தில் பூச்சி அதிகம் என்று டீட் என்னும் வேதிப்பொருள் கலந்த பூச்சிவிரட்டியை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டால் அது தூண்டில் கயிற்றின் பிளாஸ்டிக் பூச்சைக் கரைத்துவிடும் என்பதும், மூடிய உடைக்கு இன்னொரு காரணம்.

வெப்பமண்டலம் என்று நம்பி மழைச்சட்டையை விட்டுச் செல்லவும் கூடாது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாடைக்காற்று இறங்கும் நாட்களில், விடியற்காலைப் படகு தெறிக்கும் தண்ணீரில் பல் கிட்டிக்கொள்ளும். என் பழைய மழைச்சட்டையின் உலோக ஜிப், நல்ல தண்ணீரில் அலசாமல் மூட்டை கட்டியதால் வீட்டுக்கு வந்தபோது பச்சை பூத்து இறுகிவிட்டிருந்தது. புதியதற்கு ஜிப் பிளாஸ்டிக். முழுக்கைச் சட்டையிலிருந்து அந்தப் பட்டை, பொத்தான், இரண்டு பைகளின் மூடி எல்லாவற்றையும் பிளேடால் பிரித்தெடுத்துவிட்டேன். தையல் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன.