அடிக்கல்லில் ஒரு வருஷம்

"சித்தி, இதென்ன இங்கிலீஷ் வார்த்தை? வாசிக்கவே வரலியே."

முட்டம் பக்கம் ஒரு பழைய தேவாலய வாசல். அடிக்கல்லில் வரிசையாக எழுத்துகள்: எம், சி, எம், எக்ஸ், எல், ஐ, எக்ஸ்.

"வார்த்தை இல்ல மக்ளே, ரோமன் எண்ணுல எழுதுன வருஷம்" என்றேன்.

மதிப்பில் சிறிய எழுத்து பெரியதற்கு முன்னால் நின்றால் கழிக்க வேண்டும், பின்னால் நின்றால் கூட்ட வேண்டும். எம் ஆயிரம். சி எம் தொள்ளாயிரம். எக்ஸ் எல் நாற்பது. ஐ எக்ஸ் ஒன்பது.

1949!

கழிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஐ என்ற எழுத்து வி, எக்ஸ் இரண்டுக்கும் முன்னால் மட்டும்தான் அப்படி நிற்கும். அதனால் 99-ஐ 'ஐ சி' என்று எழுதக் கூடாது. தொண்ணூறு தனி, ஒன்பது தனி: எக்ஸ் சி, ஐ எக்ஸ். இந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் அதே வருஷத்தைப் பழைய தமிழ் எண்ணில் எழுதிக் காட்டினேன்.

௲௯௱௪௰௯

௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ரோமன் எண்களைப் போல இங்கேயும் சுழியம் இல்லை. ஆனால் கழிக்கிற வேலையே கிடையாது. நூறின் குறிக்கு முன்னால் ஒன்பதை வைத்தால் தொள்ளாயிரம், அவ்வளவுதான். எவ்வளவு நேரடியான முறை! ரோமன் எண்களோடு சேர்த்தே இதையும் வகுப்பில் சொல்லித் தரலாம்.

அடுத்து 1956-ஐ அவளையே எழுதச் சொன்னேன். எம், சி எம், எல், வி ஐ. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த வருஷம். தமிழிலும் எழுதினாள்: ௲௯௱௫௰௬.