ஒரு பயிற்சிப் புத்தகம், மூன்று பிள்ளைகள்

வீட்டிலேயே படிப்பிக்கும் குடும்பங்களில் காசைக் கரைப்பது பாடநூல் அல்ல, பயிற்சிப் புத்தகம். பாடநூல் அக்காவிடமிருந்து தம்பிக்குப் போகும். பயிற்சிப் புத்தகம் முதல் பிள்ளையின் பென்சிலோடு முடிந்துவிடும். அதனால் மார்க்கரால் மேலே எழுதி அழித்து அடுத்த பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்று பலரும் ஒரு கட்டு பிளாஸ்டிக் உறை வாங்கி, புத்தகம் முழுவதையும் அதற்குள் போட்டுவிடுகிறார்கள். அது வீண் செலவு. முதலில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையின் கை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். விடை மட்டும் எழுதுகிறதா, கோடு இழுத்து இணைக்கிறதா, எழுத்துப் பழகுகிறதா, வெட்டி ஒட்டுகிறதா? பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் ஓர் அடையாளம் போட்டுக்கொண்டே போனால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

விடை மட்டும் எழுதும் பக்கங்களுக்குப் பிளாஸ்டிக்கே வேண்டாம், ஒரு கொப்பி போதும். கணிதத்துக்குச் சதுர றூள், மொழிக்கு ஒற்றை றூள். ஓரத்தில் புத்தகத்தின் பக்க எண், அதற்குக் கீழே வினா எண், பக்கத்தில் விடை. இணைக்கும் வினாவைக் கூட ‘1 – இ, 2 – அ’ என்று எழுதிவிடலாம். இது தரம் 4 அளவிலிருந்து நன்றாக ஓடும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சரிவராது. புத்தகத்துக்கும் கொப்பிக்கும் கண் மாறி மாறிப் போகும்போது வரி தவறும், 6ஐ 9 என்று எழுதுவார்கள். கணக்குத் தெரியாமல் பிழைத்ததா, பார்த்து எழுதும்போது பிழைத்ததா என்பது உங்களுக்கும் விளங்காது. செய்துகொண்டிருக்கும் வரிக்குக் கீழே ஒரு மட்டைத் துண்டை வைத்து நகர்த்தச் சொன்னால் ஓரளவு குறையும்.

கோடு இழுப்பது, வட்டமிடுவது, கட்டத்துக்குள் எண் நிரப்புவது போன்றவற்றுக்கு மலிவான வழி பக்கத்தின்மேல் வைக்கும் ஓ.எச்.பி. தாள், அதாவது கீழே உள்ளது தெரியும் தெளிவான பிளாஸ்டிக் தாள். 100 மைக்ரோன் தடிப்புள்ள இரண்டு தாள்கள் முழுப் புத்தகத்துக்கும் போதும். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்றாக இரண்டு கிளிப் குத்தி இறுக்கிவிடுங்கள். வாங்கும்போது இன்க்ஜெட் பிரிண்டருக்கானது என்று எழுதியிருந்தால் எடுக்காதீர்கள். அதன் ஒரு பக்கத்தில் மை பிடிக்கப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு மார்க்கர் மையையும் உறிஞ்சும், ஈரத் துணி பட்டால் பிசுபிசுக்கும். போட்டோகொப்பி இயந்திரத்துக்கான வழவழப்பான தாளைக் கேளுங்கள். பக்கத்தின் இரண்டு மூலைகளையும் தாளில் நிரந்தர மையால் குறித்து வைத்தால், பாதியில் எழும்பிப்போன பிள்ளை திரும்பி வரும்போது அதே இடத்தில் பொருத்தலாம்.

உறை போடுவதென்றால் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரிக்க வேண்டும். பசை வைத்துக் கட்டிய புத்தகத்தைக் கொழும்பில் வெள்ளவத்தையிலோ மருதானையிலோ பைண்டிங் செய்யும் கடையில் கொடுத்தால் முதுகை கில்லட்டின் என்ற தாள் வெட்டும் இயந்திரத்தில் வெட்டித் தருவார்கள். எத்தனை மில்லிமீற்றர் என்று நீங்களே சொல்லுங்கள். 5 போதும். அச்சு உள்ளோரம் வரை வந்திருந்தால் 3க்கு மேல் வெட்ட விடாதீர்கள். அமெரிக்கப் பயிற்சிப் புத்தகங்கள் பல ஏ4 அல்ல, 216க்கு 279 மில்லிமீற்றர். 5 மில்லிமீற்றர் போனபின் அகலம் 211 ஆகி ஏ4 உறைக்குள் இறங்கிவிடும். நடுவில் ஸ்டேப்பிள் பின் அடித்த புத்தகத்தில் அந்தப் பின்னைக் கழற்றினால், ஒரே தாளில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் சேர்ந்திருக்கும். பக்க எண் அச்சிடப்படாத புத்தகமானால், கழற்றும் முன்பே எண் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அன்று இரவு முழுக்க அடுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பக்கத்துக்கொரு உறை தேவையில்லை. பிரித்த தாள்கள் பெட்டி ஃபைலில் கிடக்கட்டும். பிள்ளைக்கு 10 உறை கொண்ட ஒரு ஃபைல். ஞாயிறு மாலை அந்த வாரத்துக்கான தாள்களை மட்டும் உள்ளே மாற்றிவிட்டால் போதும். உறை பொலிப்ரொப்பிலீனாக இருக்க வேண்டும். அது கையில் சரசரக்கும், வாசனை இராது. பி.வி.சி. உறை மெத்தென்றிருக்கும், திறந்தவுடன் இரசாயன நெடி அடிக்கும். அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் போட்டோகொப்பி மையை இளக்கி உறையோடு ஒட்ட வைக்கும். கொழும்பின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அது இன்னும் விரைவாக நடக்கும். பிறகு தாளை இழுத்தால் எழுத்து உறையோடு வந்துவிடும். தடிப்பு 80 மைக்ரோனுக்கு மேல் இருந்தால் எழுதும்போது சுருங்காது. மொத்தமாக வாங்கப் புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் போனால், கட்டைப் பிரித்து ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மங்கலான, வெளிச்சம் தெறிக்காத வகை கண்ணுக்கு இதம் என்று கடைக்காரர் சொல்வார். சரிதான், ஆனால் அதன் நுண்ணிய சொரசொரப்பில் மை தங்கும். பளபளப்பானதே நன்றாக அழியும்.

வழக்கமான வைட்போர்ட் மார்க்கரின் முனை பயிற்சிப் புத்தகத்தின் சிறிய கட்டங்களுக்கு மிகத் தடிப்பு. 1 மில்லிமீற்றர் முனையைத் தேடி எடுங்கள். இடக்கைப் பிள்ளை எழுத எழுதக் கையே அழித்துக்கொண்டு போகும். அந்தப் பிள்ளைக்கு ஈரத் துணியால் மட்டும் அழியும் மார்க்கர் நல்லது. எழுதியதை அன்றே துடையுங்கள். நாட்கணக்கில் விட்டால் நிழல்போல் கறை நிற்கும். அதன்மேல் அதே மார்க்கரால் மறுபடி கிறுக்கி, காயும் முன் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். புதிய மையிலுள்ள கரைப்பான் பழைய மையை இளக்குவதுதான் காரணம். அதற்கும் போகாவிட்டால் பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட். அதைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், உறையின்மேல் ஊற்றாதீர்கள். திறந்த வாயால் உள்ளே இறங்கினால் தாளிலுள்ள அச்சும் கலைந்துவிடும்.

எழுத்துப் பழகும் பக்கங்களை மட்டும் பிளாஸ்டிக்கில் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கலாம். வழுக்கும் மேற்பரப்பில் பிள்ளைக்குக் கையின் அழுத்தம் பிடிபடாது. ண, ன, ணை, ழ போன்ற சுழி எழுத்துகளில் கை எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் காகிதத்தின் உராய்வுதான் சொல்லிக்கொடுக்கிறது. மார்க்கரில் அழகாக எழுதும் பிள்ளை பென்சிலைப் பிடித்ததும் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. ஓர் இரட்டை றூள் கொப்பியும் ஒரு 2பி பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். சேமிப்பு இந்த இடத்தில் வேண்டாம். வெட்டி ஒட்டும் பக்கங்களை மூத்தவர் தொடும் முன்பே பிரதி எடுத்து வைக்க வேண்டும். அதற்கும் முன் புத்தகத்தின் பதிப்புரிமைப் பக்கத்தை வாசியுங்கள். சில வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் ஒரே குடும்பத்துக்குள் பிரதி எடுக்க அனுமதி தருகிறார்கள், சிலர் தருவதில்லை. இலங்கையில் பதிப்புரிமைக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. உறை போடுவதிலும் மேல்தாள் வைப்பதிலும் பிரதியே உருவாவதில்லை, ஆகவே அந்தச் சிக்கலும் இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் நூல்கள் அதன் இணையத்தளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைப்பதால் அவற்றைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டியதில்லை.

லெமினேட் செய்வது பெருக்கல் வாய்ப்பாடு, இலங்கைப் படம், உயிர்மெய் அட்டவணை போன்று வருடக்கணக்கில் கையில் இருக்கும் தாள்களுக்கு மட்டும். தாளைச் சுற்றி 3 மில்லிமீற்றராவது வெறும் பிளாஸ்டிக் விளிம்பு இருக்க வேண்டும். தாளையும் சேர்த்துத் துளையிட்டால் அந்தத் துளை வழியாக ஈரம் புகுந்து ஓரம் பிரியும்.

அழிப்பதில் ஒரு நட்டம் உண்டு: பிள்ளை எப்படி யோசித்துப் பிழை விட்டது என்பதும் சேர்ந்து அழிந்துவிடும். துடைக்கும் முன் போனில் படம் எடுத்து, பிள்ளையின் பெயர், திகதி, பக்க எண் என்ற ஒழுங்கில் பெயரிட்டு வையுங்கள். பிழைத்த வினாக்களின் எண்களைத் தனியாக ஒரு கொப்பியில் குறித்தால், இரண்டு வாரம் கழித்து அவற்றை மட்டும் திரும்பச் செய்விக்கலாம். விடைப் பக்கங்களை முதல் நாளே வெட்டி உங்கள் ஃபைலுக்கு மாற்றிவிடுங்கள்.

மூத்தவர் ஏற்கெனவே புத்தகத்தில் எழுதிவிட்டாரா? எழுதியது சிவப்புப் பேனை அல்லது சிவப்புக் கலர் பென்சிலானால் அதிர்ஷ்டம். பக்கத்தை வர்ணத்தில் ஸ்கேன் செய்து, படத்தைத் திருத்தும் மென்பொருளில் சிவப்பு அலைவரிசையை (red channel) மட்டும் வைத்துக்கொண்டால், சிவப்பு எழுத்து வெள்ளையோடு கலந்து மறைந்து கறுப்பு அச்சு மட்டும் நிற்கும். கறுப்புப் பேனைக்கு இந்த வித்தை பலிக்காது. பென்சிலை அழிறப்பரால் அழித்தாலும் அழுத்தி எழுதிய தடம் நிற்கும். சாய்த்துப் பிடித்தால் தம்பி விடையை வாசித்துவிடுவான்.

பிரித்த தாள்களை வெளிச்சுவர் ஓரமாக வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் செம்மஞ்சள் மணிகள் உள்ள பையானால், அவை பச்சையானதும் மாற்ற வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் நாலைந்து வயது வித்தியாசம் இருந்தால், முதுகை வெட்டும் முன் அந்தப் பாடத்திட்டம் அதுவரை நிலைக்குமா என்று பாருங்கள். கணித அடிப்படைகளும் வாசிப்புப் பயிற்சியும் தப்பிக்கும். புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் தொகுப்புகளுக்கு உறை வாங்குவது காசுக்குக் கேடு.