பொட்டு வைத்த மடிக்கணினிகள்

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய நாளில், பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள எங்கள் அலுவலகத்தில் வேலை பிற்பகலிலேயே நின்றுவிடும் வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். வேட்டியும் சேலையுமாக வரும் நண்பர்கள், மாவிலைத் தோரணத்தை எங்கே கட்டுவது என்பதில் தொடங்கி, மடிக்கணினியில் கேமராவை மறைக்காமல் சந்தனம் வைப்பது எப்படி என்பது வரை மிகுந்த அக்கறையோடு விவாதிப்பார்கள். திருஷ்டிப் பூசணிக்காயை வாசலில் உடைத்ததும், வண்டிகள் வழுக்கிவிடக் கூடாதென்று காவலாளி அண்ணா துண்டுகளை உடனே ஓரமாக ஒதுக்கிவிடுவார். எல்லா இடங்களிலும் இப்படிச் செய்ய வேண்டும்.

இந்த ஆண்டு, துர்கா பூஜைக்கு ஊருக்குப் போக முடியாத கொல்கத்தாத் தோழி, பொரியில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் வெங்காயமும் கலந்து ஜால்முடி செய்து தந்தார். நாங்கள் பொட்டுக்கடலையும் வெல்லமும் சேர்த்த நம் பொரியை அவருக்குக் கொடுத்தோம். எது சிறந்தது என்ற வாக்குவாதம், இரண்டு பாத்திரங்களும் காலியாகும் வரை ஓயவில்லை. அதற்கிடையில் துப்புரவுப் பணி செய்யும் அக்கா, "அந்தப் பிரிண்டருக்கு ரெண்டு பொட்டா வைங்க தம்பி, அதுதான் அடிக்கடி மக்கர் பண்ணுது" என்று சொல்ல, எழுந்த சிரிப்பைக் கேட்டு மேலாளரே குங்குமக் கிண்ணத்தோடு பிரிண்டரிடம் போனார்.