தலைச்சன் தக்காளி
டொரோண்டோவில் பனிக்காலத்துக் கடைத் தக்காளியில் ரசம் வைத்தேன். நிறம் வந்தது, புளிப்பும் வரவில்லை, மணமும் வரவில்லை. ஒரு வாய் குடித்த கணவர், "வெந்நீரில் மிளகு நன்றாக இறங்கியிருக்கிறது" என்றார். விதை வாங்க அது போதுமானதாக இருந்தது.

எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம். அங்கே வீட்டில் தக்காளியை யாரும் வளர்த்ததில்லை, அதுவாக முளைத்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் வாழையடியில் விதை விழுந்து, கேட்பாரற்றுக் காய்த்துக் கிடக்கும். அம்மா அடுப்புச் சாம்பலை அதன் தூரில் கொட்டுவாள். உபசாரம் அவ்வளவுதான். கவனிப்பெல்லாம் வயலுக்கு.

இங்கே மே பாதிவரை உறைபனியை நம்ப முடியாது. அதற்கு ஆறேழு வாரம் முன்பே ஜன்னலோரம் விதை போட வேண்டும். நடுவதற்கு முந்தைய வாரம் முழுக்க, நாற்றைப் பகலில் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் காற்றும் வெயிலும் பழக்கி, மாலையில் உள்ளே தூக்கி வர வேண்டும். தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மா, "அது செடியா, தலைச்சன் பிள்ளையா? சாம்பிராணியும் போடுகிறாயா?" என்றாள்.

கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதியைப் புதைத்தால், புதைந்த இடமெல்லாம் வேர் விடும் என்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நெல் நாற்றை ஆழ நட்டால் தூர் கட்டாது என்று நடவாட்களிடம் ஆயுள் முழுக்கக் கத்தியவள் அவள். தண்ணீரிலும் அப்படித்தான். ஒருநாள் வெள்ளம், நாலு நாள் காய்ச்சல் என்று விட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் அடி கறுத்துவிடும். முறை வைத்துத் திறக்கும் வாய்க்கால் தண்ணீரை நம்பி வளர்ந்த எனக்கு, தினமும் அளவாக ஊற்றுவது கஞ்சத்தனமாகப் பட்டது.

ஆகஸ்டில் பழுத்தது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மணம் செத்துவிடும் என்பதால் மேசையிலேயே குவித்து வைத்தேன். ரசத்தைக் கணவர் கையில் ஊற்றிக் குடித்தார்.

இனி இதுதான் என் ஊர் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால், அங்கே 120 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் இங்கே மழை வருமா என்று பார்க்கிறேன். சருகும் நுரையுமாக வாய்க்காலில் வரும் முதல் தண்ணீருக்கு முன்னால் ஓடிய கால்கள் இவை.

குறுவை நடவுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். "நீதான் வந்து நட்டுக் கொடேன்" என்றாள் அம்மா.

"வருகிறேன். பாதித் தண்டைப் புதைத்துவிடுவேன், பரவாயில்லையா?" என்றேன்.