டாஃபிங்கில் மூன்று முறை ஃபெயில் ஆன கதை

பிபிஇ என்கிற பாதுகாப்புக் கவசத்தைப் போடவும் கழற்றவும் (கழற்றுவதுதான் டாஃபிங்) எனக்கு ஒரு பரீட்சையா என்றுதான் முதலில் கோபம் வந்தது. 2020-இல் கொரோனா வார்டில் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் அதற்குள்ளேயே வெந்தவள் நான்.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் செயற்கை நுண்ணறிவை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை, ஸ்டாண்டில் ஒரு டேப்லெட், தரையில் மஞ்சள் டேப் ஒட்டிய ஒரு கட்டம், அவ்வளவுதான். கட்டத்துக்குள் நின்றால் கேமரா நம் கை எங்கே போகிறது, எதை எதற்குப் பிறகு எடுக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும், தப்பு செய்தால் திரை சிவப்பாகிவிடும்.

போடுவதில் ஒரே தடவையில் பாஸ். கவுன், என்-95, கண்ணாடி, கடைசியாகக் கவுனின் கையை மூடிக்கொண்டு கிளவுஸ். கழற்றுவதில்தான் மானம் போனது. முதல் தடவை, இரண்டாவது கிளவுஸை உள்பக்கமாக விரல் விட்டு உருவாமல் வெளிப்பக்கத்தைத் தொட்டுவிட்டேனாம். இல்லவே இல்லை என்று சண்டை போட்டேன், வீடியோவைத் திருப்பிப் போட்டுக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவை மாஸ்க்கை முன்பக்கம் பிடித்து இறக்கிவிட்டேன். முதலில் கீழ்ப் பட்டை, அப்புறம் மேல் பட்டை, முன்பக்கம் கையே படக்கூடாது என்று ஜூனியர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான்! மூன்றாவது ஃபெயில் என் தப்பில்லை. நீலக் கவுனுக்கு நீலக் கிளவுஸ், எது எங்கே முடிகிறது என்று கேமராவுக்குத் தெரியவில்லை. வெள்ளைக் கிளவுஸ் மாட்டினேன், நான்காவதில் பச்சை விழுந்தது.

சந்தோஷமாகக் கிளம்பப் பார்த்தால், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் விடவில்லை. கவுன் மேல் ஒளிரும் பவுடரைத் தடவி இன்னொரு முறை கழற்றச் சொன்னார். டேப்லெட் மறுபடியும் பச்சை. லைட்டை அணைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினால், காதுக்குக் கீழே கழுத்தில் விரல் அகலத்துக்கு ஒரு தீற்றல் பளபளவென்று மின்னுகிறது. கழுத்து முடிச்சை அவிழ்க்கக் கையைப் பின்னால் கொண்டுபோனபோது கவுனின் கை உரசியிருக்கிறது. கேமரா முன்னால் மட்டும்தானே இருக்கிறது, முதுகுப் பக்கம் நடப்பது அதற்கு எப்படித் தெரியும்? மாஸ்க் ஓரத்தில் காற்று கசிவதும் அப்படித்தான், மாஸ்க் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட்டைத் தனியாகச் செய்துதான் ஆக வேண்டும்.

சிஸ்டர் அப்போது ஒன்று சொன்னார். 2014-இல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் எபோலா நோயாளியைப் பார்த்துக்கொண்ட இரண்டு நர்ஸ்களுக்கே அது தொற்றியது. அதற்குப் பிறகுதான் எபோலா வார்டில் கவசம் போடும்போதும் கழற்றும்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் கூட நின்று கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வழிகாட்டுதலை மாற்றியதாம். அந்த ஆள் வேலையைத்தான் இந்த டேப்லெட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்காக இதை வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு நைட் டியூட்டி இடைவேளையில், யாரும் பார்க்காமல் பத்துத் தடவை தப்பு செய்து பழக வேறு எது கிடைக்கும்? அடுத்த வாரம் ஜூனியர் பிள்ளைகளின் முறை. முன்னால் டேப்லெட் நிற்கும், முதுகுப் பக்கம் நிற்கப் போவது நான்.