அறுப்பு முடிந்ததும் மூணாறு: தஞ்சைப் பக்கத்திலிருந்து இரவிகுளம் போகிறவர்களுக்கு

டெல்டாவில் டூர் கிளம்பும் காலம் என்றால் தை கடைசியும் மாசியும்தான். சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணமும் கணக்கில் ஏறியிருக்கும். வயலில் தெளித்த உளுந்தும் பயறும் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். வேன் பேசத் தோதான நேரம். கெட்ட நேரம் என்னவென்றால், மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்கா வழக்கமாகப் பூட்டிக் கிடப்பதும் அதே பிப்ரவரி, மார்ச்சில்தான். வரையாடு குட்டி போடும் பருவம் அது. ஆள் நடமாட்டத்தில் மந்தை மிரளக்கூடாது என்று பூங்காவின் ராஜமலை வாசலைச் சாத்திவிடுவார்கள். இது தெரியாமல் போய், டீத்தோட்டத்தில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வரும் வேன்கள் வருஷா வருஷம் உண்டு.

ஆகவே நம் ஊர் காலண்டரை ஓரமாக வைத்துவிட்டு மலையின் காலண்டரைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்கு மேட்டூர் தண்ணீரும் குறுவையும். அங்கே தென்மேற்குப் பருவமழை. பூங்காவை ஒட்டிய பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பில் 70 பேர் போனது அந்த மழையில்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை, போடியிலிருந்து மூணாறு ஏறும் போடிமெட்டுப் பாதையைப் பதம் பார்க்கும். கல் உருளும், மண் சரியும். மிச்சம் இருப்பது இரண்டே இடைவெளிதான். பொங்கல் கழிந்து ஜனவரி முடியும் வரை ஒன்று. குளிர் தாங்குமென்றால் வானம் துல்லியமாக இருக்கும், சில அதிகாலைகளில் புல்லில் உறைபனி படியும். இன்னொன்று, வாசல் திறந்த பிறகு வரும் ஏப்ரல். என்னைக் கேட்டால் ஏப்ரல்தான். புதுக் குட்டிகள் தாயோடு பாறையில் தாவுவதைப் பார்க்கலாம், குறுவை வேலையும் தொடங்கியிருக்காது. பள்ளி விடுமுறை விட்டுவிட்டால் கூட்டம் நெரியும். செவ்வாய், புதன், வியாழனில் நாள் குறியுங்கள். தேதி முடிவு செய்வதற்கு முன் பூங்கா திறந்துவிட்டதா என்று வனத்துறையின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது, திறப்பு சில வருஷம் தள்ளிப்போகும்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறு சுமார் 310 கிலோமீட்டர். திருவாரூர், மயிலாடுதுறைக்காரர்கள் மேற்கொண்டு ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். போடி வரை சமவெளி, அதற்கு மேல் 65, 70 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்கே இரண்டரை மணி நேரம் ஆகும். விடிகாலை 4 மணிக்குத் தஞ்சாவூரை விட்டால் திண்டுக்கல்லில் டிபன் முடித்து 10 மணி வாக்கில் போடி. டேங்கை அங்கேயே நிரப்பிவிட்டு, பனி இறங்குமுன் மேலே ஏறிவிடலாம். அன்றைக்கே பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மதியத்துக்கு மேல் ராஜமலையில் மேகம் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் ஆடுகூடத் தெரியாது. இரண்டு இரவு தங்கி, இரண்டாம் நாள் காலை முதல் பஸ்ஸில் பூங்காவுக்குள் போவதுதான் கணக்கு. ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறை–செங்கோட்டை எக்ஸ்பிரஸில் திண்டுக்கல்லில் இறங்கி, தேனிக்குப் பஸ் பிடிக்கலாம்.

வாடகை வேன் என்றால் கேரள பர்மிட்டும் வரியும் யார் பொறுப்பு என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். செக்போஸ்ட்டில் போய்ப் பேசினால் சண்டைதான் மிஞ்சும். டிரைவர் மலையில் ஓட்டியவரா என்பதையும் கேளுங்கள். மேம்பாலத்தைத் தவிர மேடே பார்க்காத ஊர் நம்முடையது. இங்கே எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் கொண்டை ஊசி வளைவு வேறு வித்தை. ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைக்க வேண்டும், வளைவின் நடுவில் அல்ல.

வளைவில் குமட்டல் வருகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும். காலையில் பூரி, வடை வேண்டாம், இரண்டு இட்லி போதும். வாந்தித் தடுப்பு மாத்திரை ஆவோமின் போடுவதாக இருந்தால் போடியை எட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. தூக்கம் வரவைக்கும் மாத்திரை அது, டிரைவர் தொடக்கூடாது.

பூங்கா 97 சதுர கிலோமீட்டர். நாம் பார்க்க விடுவது ராஜமலைப் பகுதியை மட்டும். சொந்த வண்டி வாசலோடு சரி. அங்கிருந்து வனத்துறை பஸ், பிறகு தார் ரோட்டில் நடை. டிக்கெட்டை ஆன்லைனில் நேரம் குறித்து எடுத்துவிடுங்கள். 2,695 மீட்டர் ஆனைமுடிச் சிகரம் கண்ணெதிரே நிற்கும், ஏற விடமாட்டார்கள். கரடுமுரடான மலையில் நடந்தே தீர வேண்டும் என்கிறவர்கள் கேரள வன வளர்ச்சிக் கழகம் நடத்தும் மீசப்புலிமலை நடையை முன்பதிவு செய்யலாம். 2,640 மீட்டர், வழிகாட்டியோடுதான். அனுமதி இல்லாத தடத்தில் ஆள் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணியில் காய்ந்த புல் பற்றி எரிந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். புல்மேட்டில் தீ, காற்றோடு சேர்ந்து மேல்நோக்கித்தான் ஓடும். மனிதனால் அந்த வேகத்தில் மேட்டில் ஏற முடியாது.

ஆடு ரோட்டோரம் வரும், பயப்படாது. முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டாற்போல வெளுத்த பட்டை இருக்கும். பெட்டை சாம்பல் பழுப்பு. தொடுவது, தீனி போடுவது இரண்டும் குற்றம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது, நம் மாநில விலங்கும்கூட. இன்னொரு ஒட்டும் நமக்கு உண்டு: பூங்காவின் கிழக்குச் சரிவு ஓடைகள் பாம்பாற்றில் விழுந்து, அமராவதியாகி, கரூர் பக்கம் காவிரியில் சேர்கின்றன.

உடுப்பில் பலர் தவறுவது பருத்தியில்தான். வியர்வையில் நனைந்த பனியன் மேலே காற்றுப்பட்டால் ஐஸாகிவிடும். சீக்கிரம் காயும் டீஷர்ட், அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் என்று மூன்றாகப் போட்டு, ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும். வயல் அட்டை தண்ணீரில் வரும், மலை அட்டை புல் நுனியில் நின்று, உரசும் காலில் ஒட்டிக்கொள்ளும். பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸின் மேல் உப்புக் கலந்த எண்ணெய் தடவினால் போதும். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள்.

சமையல்காரரையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு போகும் கோஷ்டிக்கு ஒன்று. மூணாறு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த அண்டாவில் பொன்னி அரிசி நேரத்துக்கு வேகாது, பருப்புக்கு இன்னும் நேரம் பிடிக்கும். பருப்பை முன்னிரவே ஊறப்போட்டு, குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். தங்குமிடத்தோடு சரி, காட்டு எல்லைக்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பூங்கா அன்றைக்குப் புளியோதரையை டிபன் பாக்ஸில் கட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் வாசலிலேயே தடுக்கப்படும், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

திரும்பும்போதுதான் வண்டி சோதிக்கும். ஏறிய கியர் எதுவோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பிரேக் சூடேறிக் கருகிய வாசனை வரும், மிதித்தால் பெடல் தரையைத் தொடும். வாசனை வந்ததும் அகலமான இடத்தில் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும். மூணாற்றை மதியத்துக்குள் விட்டால் இருட்டுமுன் போடி, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திண்டுக்கல்.