கன்வெர்ட்டரை எடைக்குப் போடாதீர்கள்

எங்கள் காரின் பழைய கேட்டலிடிக் கன்வெர்ட்டரை, அதாவது எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்கிற டப்பாவை, 7,200 ரூபாய்க்கு விற்றேன். அதே சாமானுக்குத் தெருமுனை இரும்புக் கடையில் சொன்ன விலை 140 ரூபாய். நாலு கிலோ, கிலோ 35 ரூபாய். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டியது, இரும்பு விலை சொன்னார். மேல் ஓடு ஒருவகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தம் ஒட்டுகிற ரகம். ஓட்டுக்கு அந்த விலை சரிதான். காசெல்லாம் ஓட்டுக்கு உள்ளே இருக்கிறது.

பலரும் இந்தச் சாமானை ஒர்க்ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். புதுசுக்கு முப்பதாயிரம் என்று பில்லில் தெளிவாகப் போட்டிருக்கும். பழசு எங்கே போனது என்று அதில் ஒரு வரியும் இருக்காது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். ஒரு பொருள் கையை விட்டுப் போனால் எதிர்ப்பக்கம் ஒரு வரவு இருக்க வேண்டும் என்று கண் தேடும். பழைய பாகம் வண்டிச் சொந்தக்காரருடையது. வேலைக்கு வண்டியை விடும்போதே "கழட்டின சாமான் எல்லாம் எனக்கு வேணும்" என்று சொல்லி, ஒர்க்ஷாப்பில் வேலை விவரம் எழுதுகிற ஜாப் கார்டிலும் எழுத வையுங்கள்.

எங்களுடையது 2011ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். போன மழைக்காலத்தில் ஒரு சிலிண்டரில் பெட்ரோலைப் பற்றவைக்கிற இக்னிஷன் காயில் போய், வண்டி உதற ஆரம்பித்தது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குள் போய்க் கன்வெர்ட்டரில் எரியும். கன்வெர்ட்டர் சாதாரணமாக 400 முதல் 800 டிகிரி வரையிலான சூட்டில் வேலை செய்கிற பொருள். உள்ளேயே பெட்ரோல் எரிந்தால் சூடு ஆயிரத்தைத் தாண்டிப் போகும், உள்ளே இருக்கிற பீங்கான் விரிசல் விடும், சில நேரம் உருகியும் போகும். காயிலை மாற்றிய பிறகும் ஸ்டார்ட் செய்தால் அடியில் டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறியது. புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் வர வேண்டும், வரவில்லை. கன்வெர்ட்டர் முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

அப்போது ஒரு மெக்கானிக் சொன்ன யோசனையைச் சொல்லியே ஆக வேண்டும். "எதுக்கு மேடம் அவ்வளவு செலவு? உள்ளே இருக்கிற கல்லை இடிச்சு எடுத்துட்டு வெறும் டப்பாவை மாட்டித் தரேன். பிக்கப் அள்ளும். கல்லுக்கு நானே ரெண்டாயிரம் தரேன்." கல்லின் மதிப்பு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. "வேணாம்ண்ணே" என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கல் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது மெல்லிய சுவர்கள் கொண்ட பீங்கான். ஒரு சதுர அங்குலத்தில் நானூறு துளை என்பது சர்வ சாதாரணம். அந்தத் துளைகளின் சுவர் மேல் ஒரு பூச்சு, பூச்சுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற மூன்று உலோகங்கள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக இருக்கும். முதல் இரண்டும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் ஆக்சிஜனோடு சேர்த்துக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். ரோடியத்தின் வேலை நைட்ரஜன் ஆக்சைடை உடைத்து வெறும் நைட்ரஜனாக ஆக்குவது. உலோகம் செலவாவதில்லை. பதினைந்து வருடம் ஓடிய வண்டியிலும் அதில் பெரும் பங்கு அப்படியே இருக்கும். செத்துப்போன கன்வெர்ட்டருக்கும் விலை கிடைப்பது இதனால்தான்.

சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புது பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். பெட்ரோலில் ஈயம் இருந்தால் இந்தப் பூச்சு கெட்டுவிடும். அதனால் அதே சமயத்தில் ஈயமில்லாத பெட்ரோலையும் கொண்டுவர வேண்டியிருந்தது. 2000ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலே நின்றது. நம் பிள்ளைகள் சுவாசிக்கிற காற்றிலிருந்து ஈயப் புகை போனதில் இந்த டப்பாவுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் நல்ல கன்வெர்ட்டரைக் காசுக்காகக் கழட்டி விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சிக்னலில் அந்த வண்டிக்குப் பின்னால் நிற்பது கைக்குழந்தையோடு டூவீலரில் போகிற யாரோ ஒருவர். செத்ததை விற்கலாம், உயிரோடு இருப்பதைக் கழட்டக்கூடாது. வண்டியை இப்படி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதமும் உண்டு.

புதுசு கம்பெனி அசல் பாகமாகவே வாங்கினேன். பாதிக்கும் குறைவான விலையில் வெளிச்சந்தையில் கிடைக்கும். அவற்றில் பலவற்றிலும் பூச்சு பேருக்குத்தான் இருக்கும், நாளைக்கு அதை விற்கப் போனாலும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

சரி, விற்ற கதைக்கு வருகிறேன்.

கழட்டியதும் முதல் வேலையாக இரண்டு வாயையும் பாலிதீன் வைத்து மூடி, பிரவுன் டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். உள்ளே கல் உடைந்திருந்தது. உடைந்த துண்டும் தூளும்தான் பணம். அது கொட்டக்கூடாது, நம் மூச்சிலும் போகக்கூடாது. வீட்டில் கிரைண்டர் வைத்து அறுத்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். பீங்கான் தூசியும் அதைச் சுற்றி வைத்திருக்கிற நார் மெத்தையும் நுரையீரலுக்கு ஆகாதவை. முழுசாக விற்றால்தான் வாங்குபவரும் நம்புவார். அப்புறம் ஓட்டின் மேல் துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பொறித்திருந்த எண்ணைப் போனில் படம் எடுத்தேன். எல்லாவற்றையும் விட முக்கியம் அந்த எண்தான். எந்த வண்டி, எந்த வருடம், உள்ளே ஏறத்தாழ எவ்வளவு உலோகம் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

சென்னையில் இதற்கு இடம் புதுப்பேட்டை. எழும்பூர் பக்கம் கூவத்தை ஒட்டி, ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் வரிசையாகப் பழைய பாகக் கடைகள். ஒரு கடையில் கதவுகள் மட்டும், அடுத்ததில் ஹெட்லைட் மட்டும், இன்னொன்றில் கியர்பாக்ஸ் மலை. ஆயில் வாடை, சம்மட்டிச் சத்தம், நடுவில் டீ கிளாஸ் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையன். "கன்வெர்ட்டர் யார் எடுக்குறாங்க?" என்று இரண்டு மூன்று கடைகளில் கேட்டால் ஒருவரையே கைகாட்டுவார்கள்.

நான் போன கடை பாய்க்கு அறுபது வயது இருக்கும். டேப்பைப் பிரிக்காமல் முதலில் காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்தார். "உடைஞ்சிருக்கு, ஆனா வெளியே போகல" என்றார். ஒரு வாயை மட்டும் பிரித்து, போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் கட்டம் கட்டமாக, சாம்பல் நிறத்தில், அச்சு பிசகாமல் இருந்தது. மறுபக்கம் கண்ணாடி மாதிரி உருகிக் கட்டங்கள் அடைத்துப்போயிருந்தன. எண்ணைப் படம் எடுத்து யாருக்கோ வாட்ஸப்பில் அனுப்பினார். டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் பதிலும் வந்தது.

"ஆறாயிரம் தரேன்மா."

"பாய், கல்லு ஒரு துண்டு கூடக் குறையல. டேப் ஒட்டிக் கொண்டாந்திருக்கேன். கம்பெனி பீஸ். எட்டு போடுங்க."

"உருகின பீஸுக்கு அங்க காசைப் புடிப்பாங்கம்மா, எனக்கு ஒண்ணும் நிக்காது." கொஞ்ச நேரம் போனைப் பார்த்தார். "ஏழு இருநூறு. இதுக்கு மேல கேக்காதீங்க."

அதற்கு முன் வேறு இரண்டு இடங்களிலும் விலை கேட்டிருந்ததால் அது நியாயமான விலைதான் என்று தெரிந்தது. பேரம் பேசத் தைரியம் வந்ததும் அதனால்தான். யாராவது "கிலோ என்ன விலை" என்று ஆரம்பித்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். எடை வைத்து விலை சொல்கிறவருக்கு உள்ளே இருப்பது தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

பணம் கொடுக்கும் முன் பாய் ஆர்சி நகலும் ஆதார் நகலும் கேட்டார். புதுசு மாற்றிய பில் நகலையும் வாங்கிக்கொண்டார். எனக்கு அது மிகவும் பிடித்தது. குஜராத், டெல்லி, மும்பைப் பக்கமெல்லாம் மாருதி ஈக்கோ வேன்களின் அடியில் படுத்து சைலன்சரோடு கன்வெர்ட்டரைக் கழட்டிக்கொண்டு போகிற கும்பல்கள் பிடிபட்ட செய்திகள் சில வருடங்களாகவே வருகின்றன. உள்ளே இருக்கிற தூளைத்தான் விற்கிறார்கள். அமெரிக்காவில் திருட்டு எல்லை மீறிப்போய், யாரிடம் வாங்கலாம், என்ன ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2022ல் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆவணம் கேட்காமல் வாங்குகிற ஒவ்வொரு கடையும் திருடனுக்குத் திறந்து வைத்த கதவு. நீங்களும் எழுத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்: வண்டி எண், கன்வெர்ட்டர் எண், தேதி, தொகை. நான் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கடை முத்திரையும் வைத்து வாங்கிக்கொண்டேன்.

விலை ஏன் நிலையாக இல்லை என்று கேட்பீர்கள். 2021 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) ரோடியம் 29,000 டாலரைத் தாண்டியது. கிராம் கணக்கில் அறுபதாயிரம் ரூபாய்க்கும் மேல். அப்போது தங்கம் கிராம் ஐயாயிரத்துக்குள் இருந்தது. 2023 முடிவதற்குள் ரோடியம் 5,000 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. பல்லேடியம் 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய கையோடு 3,000 டாலருக்கு மேல் போய்விட்டு இறங்கியது, ஏனென்றால் அதில் பெரும் பங்கு ரஷ்யாவிலிருந்து வருகிறது. பிளாட்டினமும் ரோடியமும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் கிடைப்பவை. யாரோ அன்றைக்கு இவ்வளவு வாங்கினார் என்பதை நம்பிப் போகாதீர்கள். விற்கிற வாரத்தில் இந்த மூன்றின் விலையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள், போதும்.

பாயிடம் "இது கடைசியில எங்க போகும்?" என்று கேட்டேன். மும்பைப் பக்கம் போகும் என்றார், அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. சுத்திகரிப்பு ஆலைகளில் கல்லை அரைத்து, தூளின் மாதிரியைச் சோதித்து, மிகுந்த வெப்பத்தில் இரும்பு அல்லது செம்பு போன்ற ஓர் உலோகத்தோடு சேர்த்து உருக்குவார்கள். மூன்று விலை உயர்ந்த உலோகங்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். பீங்கான் கசடாக மேலே மிதக்கும். பிறகு அமிலங்களில் கரைத்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் மூன்றிலிருந்து ஆறு கிராம்தான் தேறும். பழைய கன்வெர்ட்டர் கல்லில் ஒரு கிலோவிலேயே ஒரு கிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். இந்தியாவில் சொல்லிக்கொள்ளும்படி இந்த உலோகச் சுரங்கம் இல்லை. நமக்கு இருக்கிற சுரங்கம் புதுப்பேட்டை மாதிரி இடங்கள்தான். தெருமுனைக் கடையில் 140 ரூபாய்க்குப் போட்டிருந்தால் அந்தக் கல் ஏதோ ஓர் இரும்பு உலையில் கசடோடு போயிருக்கும், அந்த உலோகம் யாருக்கும் இல்லாமல் போயிருக்கும். அதை நினைத்தால் எனக்கு ஏழாயிரத்தை விட அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், அதில் ரோடியம் இல்லாமல் பிளாட்டினம், பல்லேடியம் மட்டும் இருப்பது வழக்கம். பைக் சைலன்சரிலும் சின்னதாக ஒன்று இருக்கும், தொகை பெரிதாக வராது.

முழுக் காரையே பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் விடுகிறவர்கள், தருகிற விலை வண்டியின் எடைக்கு மட்டுமா, கன்வெர்ட்டரையும் சேர்த்தா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். என் நாத்தனார் வீட்டு 2006 மாடல் கார் அடுத்த மாதம் போகிறது. வண்டிக்கு அடியில் போய் அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் பாயிடம் விலை கேட்டு வைத்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மையத்தில் பேசப்போகிறோம்.